ஏரிக்கரையில் அரக்குப் புடவை

இன்று சித்திரை அமாவாசை, தறிக்கு விடுமுறை. பக்கத்து வீட்டு நெசவாளர் ஏகாம்பரமும் அவர் மனைவி வள்ளியும் வெயிலுக்கு இதமாகத் தென்னேரி ஏரிக்குக் கிளம்பினார்கள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

பஸ்ஸிலேயே வள்ளி நிபந்தனை போட்டார்: "இன்னிக்கு ஒரு நாளாவது தறிப் பேச்சு எடுக்காதய்யா."

ஏகாம்பரம் கொக்கைப் பற்றிப் பேசினார். யாரோ கொண்டுவந்த டிரான்சிஸ்டரைப் பற்றிப் பேசினார். பிறகு விஷயம் தீர்ந்துபோய்ச் சும்மா இருந்தார்.

ஏரிக்கரைக் கோயிலுக்கு வந்த ஓர் அம்மாள் கால் கழுவப் படியில் இறங்கினார். வழுக்கி, இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். கட்டியிருந்தது அரக்குப் பட்டு. புடவைக் கரையைப் பார்த்ததுமே அது தான் நெய்தது என்று ஏகாம்பரத்துக்குத் தெரிந்துவிட்டது. சாயம் கரைந்தால் பேரும் அதோடு கரையும். மனிதர் முகம் வெளுத்தது. வாய் மட்டும் திறக்கவில்லை.

வள்ளிதான் ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கினார். தூக்கிய கையோடு முந்தானையைப் பிழிந்து, உள்ளங்கையில் விழுந்த நீரைப் பார்த்தார்.

"சாயம் போவலைய்யா! நம்ம புடவை!"

"மொதல்ல அந்தம்மாவுக்கு அடி கிடி பட்டுதான்னு கேளுடி" என்றார் ஏகாம்பரம்.

திரும்பும் வழியெல்லாம் மூவரும் அந்தப் புடவையைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தோம்.

ஏரி மிக அழகானது என்கிறார்கள். பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.