சம்பங்கி மாற்றிச் சொன்ன கேள்விகள்

1954-இல் ஓசூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தாள் சம்பங்கி. வயது இருபத்தாறு. பள்ளிப் படிப்பை முடித்திருந்தாலும் வேறு வேலை அமையவில்லை. அந்தப் பக்கத்து எல்லாரையும் போலத் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவாள். அந்த வருஷம் கல்கத்தாவிலிருந்து புது டாக்டரம்மா வந்தார். அவருக்கு இந்த மூன்றும் தெரியாது. பள்ளியில் படித்த இங்கிலீஷை வைத்துக்கொண்டு சம்பங்கிதான் நோயாளிகள் பேசுவதை அவரிடம் சொல்ல வேண்டியிருந்தது.

முதல் வாரமே வம்பு. படுக்கையில் இருந்த மாரம்மா, "'நீங்க வீட்டுக்குப் போலாம்'னு டாக்டரம்மா எப்ப சொல்லுவாங்களோன்னு இருக்குது, கேளு" என்றாள். சம்பங்கி உடனே, "ஷீ ஆஸ்க்ட் வென் கேன் யூ கோ ஹோம்" என்றாள். டாக்டரம்மாவின் முகம் சிவந்துவிட்டது. நோயாளி தன்னையே எப்போது கிளம்புவாய் என்று கேட்பதாக நினைத்துக்கொண்டார்.

விஷயம் புரிந்ததும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். மருந்துச் சீட்டின் பின்புறம் சரியான வாக்கியத்தை எழுதிக் கொடுத்தார். 'ஷீ ஆஸ்க்ட் வென் ஷீ குட் கோ ஹோம்.' சம்பங்கி அதையே உற்றுப் பார்த்தாள். 'யூ' போய் 'ஷீ' வந்திருந்தது. 'கேன்', 'குட்' ஆகியிருந்தது. அதுவும் 'ஷீ'க்குப் பின்னால் போய் நின்றது. கேள்விக்குறியையே காணோம்! அவளுக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. அன்றே ஒரு பழைய இலக்கணப் புத்தகம் தேடி வாங்கினாள். தரை துடைக்கும்போதும் காதில் விழுந்த கேள்விகளையெல்லாம் மாற்றி முணுமுணுத்தாள். ஆமா, இல்லை என்று பதில் வரும் கேள்வியென்றால் நடுவில் 'இஃப்' போட வேண்டும் என்பது பிடிபட்ட அன்று, தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள்.

மூன்று மாதம் கழித்து ஜூஜுவாடியிலிருந்து ரங்கம்மாவை வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். காலில் சீழ், கொதிக்கும் காய்ச்சல். டாக்டரம்மா பென்சிலின் ஊசியை எடுத்துவிட்டார். ரங்கம்மா சம்பங்கியின் கையைப் பற்றிக் கன்னடத்தில் கேட்டாள், அத்திப்பள்ளியில் எனக்குப் போட்டார்களே அதே ஊசியா இது, அன்றைக்கு எனக்கு மூச்சே நின்றுபோனதே என்று.

பழைய சம்பங்கியாக இருந்தால் 'எனக்கு' என்பதை 'மீ' என்றே சொல்லியிருப்பாள். ஆயா தன் கதையைச் சொல்கிறாள் என்று டாக்டரம்மா ஊசியைக் குத்தியிருப்பார்.

"ஸ்டாப், டாக்டர்!" என்று கத்தினாள். "ஷீ ஆஸ்க்ட் இஃப் இட் வாஸ் த சேம் இஞ்செக்ஷன் ஷீ ஹேட் ஹேட் இன் அத்திப்பள்ளி. ஹர் பிரெத் ஹேட் ஸ்டாப்ட்!"

ஊசி அந்தரத்தில் நின்றது. டாக்டரம்மா வேறு மருந்து கொடுத்தார். ஒன்பதாம் நாள் ரங்கம்மா நடந்து வீட்டுக்குப் போனாள்.

டாக்டரம்மாவே விண்ணப்பம் எழுதி, சம்பங்கியைச் சேலத்தில் நர்ஸ் படிப்புக்கான நேர்முகத்துக்கு அனுப்பினார். மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கியவள் நேரே ஓடிவந்தாள். என் வயது என்ன என்று கேட்டார்கள், ரத்தத்தைப் பார்த்தால் பயப்படுவேனா என்று கேட்டார்கள், ஏன் நர்ஸாக விரும்புகிறேன் என்று கேட்டார்கள். மூச்சு விடாமல் அத்தனையையும் பிசகில்லாத இங்கிலீஷில் ஒப்பித்தாள்.

"அதெல்லாம் சரி, இடம் கிடைத்ததா இல்லையா?" என்று டாக்டரம்மா இங்கிலீஷில் கூச்சல் போட்டார்.

சம்பங்கிக்கு இங்கிலீஷ் மறந்தே போயிற்று. "கெடச்சிருச்சுங்கம்மா!" என்றாள்.

டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு வந்து அவளைக் கட்டிக்கொண்டார்.