மரம் நின்ற பக்கம்

மைதானத்தில் எல்லோரும் அவளைப் பெரியக்கா என்று கூப்பிடுவார்கள். முதுகுக்குப் பின்னால் வெடி. இரண்டும் அவளுக்குத் தெரியும். இரண்டாவதுதான் பிடிக்கும், வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். கோல்ஃப் மைதானத்துப் புல் முழுக்க அவள் பொறுப்பு. புல் வெட்டுகிறவன், தண்ணீர் பாய்ச்சுகிறவன், மணல் வாருகிறவன் யாரானாலும் அவள் வாய்க்கு அகப்படாமல் பொழுதைக் கழிப்பதே பெரிய பாடு.

அன்று காலை அவள் கையில் ஒரு வெள்ளைப் பந்து இருந்தது. அவள் வீட்டுப் பின்முற்றத்து நாற்காலியின் கைப்பிடியை உடைத்த பந்து. நல்ல வேளை, நாற்காலியில் ஆள் இல்லை. அதில் உட்கார வேண்டிய மனுஷனை வீட்டுக்குள்ளே அடைத்து வைத்து வாரக்கணக்காகிறது. அவள் வயிற்றெரிச்சலே அதுதான்.

அவள் கணவர் அதே மைதானத்தில் பம்ப் ஓட்டியவர். பக்கவாதம் வந்து ஒரு கையும் காலும் போயிற்று, நாக்கு குழறிற்று. மிச்சமிருந்த ஒரே சுகம் அந்தப் பின்முற்றம்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ஏழாவது ஹோலின் கிரீன், கொடி நிற்கும் ஒட்ட வெட்டிய புல்தரை. பழைய சிநேகிதர்கள் வேலியோரம் நின்று, "என்ன மாப்ள, சௌக்கியமா?" என்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். அங்கே உட்கார்ந்தால் அவர் முகத்தில் களை இருக்கும். முன்னறைக் கட்டிலில் போட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார், சோறு இறங்காது.

கிரீனுக்கும் வேலிக்கும் நடுவே முன்பு ஒரு பெரிய மரம் நின்றது. பெரியக்காவுக்கும் அதற்கும் ஜென்மப் பகை. சாயங்கால வெயிலை அது மறைத்துவிடும், கிரீனில் பாசி படரும், அவள் ஊற்றுகிற தண்ணீரையெல்லாம் வேர் உறிஞ்சிவிடும். "அது மரமில்ல சார், எனக்கு வாச்ச சக்களத்தி" என்று கிளப் செக்ரட்டரியிடம் போகும்போதும் வரும்போதும் புலம்புவாள். கடைசியில், ஹோலைத் திருத்தி அமைக்க வந்த டிசைனர் அவள் பக்கம் பேசினார்.

ஆனால் மரத்தை எடுத்தால் பந்து? ஆட வருகிறவர்களில் பாதிப் பேர் அடிக்கிற பந்து வலது பக்கம் வளைந்துதான் போகும். இத்தனை நாள் அந்தப் பந்துகளை மரம்தான் வாங்கிக்கொண்டிருந்தது. டிசைனர் அதற்கும் வழி சொன்னார்.

"மரம் பந்தைத் தடுக்கும்மா, மணல் ஆளையே தடுக்கும். அடிக்கிற இடத்துலேர்ந்து பார்த்தா வலது பக்கம் ஒரு பங்கர், மணல் குழி, தெரியணும். மணல்ல மாட்ட யாருக்கு ஆசை? எல்லாரும் தானா இடது பக்கம் பார்த்து அடிப்பாங்க. உங்க வீட்டுப் பக்கமே வராது."

பெரியக்கா தலையாட்டினாள். டிசைனர் பங்கர் வரவேண்டிய இடத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொடிகள் நட்டுவிட்டு ஊருக்குப் போனார். அந்த வாரமே கணவருக்கு மறுபடி முடியாமல் போய், அவள் ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்தாள். திரும்பி வந்து பார்த்தால் மரம் இல்லை, பங்கர் இடது பக்கம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மணலுக்குப் பயந்தவன் எல்லாம் வலது பக்கம் அடித்தான். பந்து நேராக அவள் முற்றத்துக்கு வந்தது. செக்ரட்டரியோ, "பார்க்க அழகா இருக்குன்னு மெம்பருங்க சொல்றாங்க. அடுத்த சீசன்ல பார்த்துக்கலாம்" என்று கையை விரித்துவிட்டார். அழகாம் அழகு! தன் வீட்டு நாற்காலி உடைந்தால் தெரியும்.

அன்றுதான் டிசைனர் மறுபடி வந்திருந்தார். செக்ரட்டரியும் அவரும் ஏழாவது ஹோலில் நிற்கும்போது பெரியக்கா போய்ப் பந்தை டிசைனர் காலடியில் போட்டாள்.

"வலது பக்கம்னு வாய் கிழியச் சொன்னீங்களே சார். இது எந்த ஊர் வலது பக்கம்? நடக்க முடியாத மனுஷனை ரூமுக்குள்ள பூட்டி வச்சிருக்கேன். அவர் என்ன பாவம் பண்ணினாரு?"

"நானும் அதைத்தாம்மா கேட்டுட்டு இருக்கேன். நான் அந்தப் பக்கம்தான் கொடி நட்டேன். சாரும் கூட இருந்தாரு."

"அப்ப கொடி கால் முளைச்சு நடந்து வந்துச்சா? தப்பை ஒத்துக்கிட்டா உங்க மானம் போயிடுமா?"

கொஞ்ச தூரத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்த மெஷின் நின்றது. பாதி வரிசையில் யாரும் மெஷினை நிறுத்தினால் பெரியக்கா தோலை உரித்துவிடுவாள். இறங்கி வந்தவன் அவள் கொழுந்தன். அவள் வீட்டில், அவள் கையால் சோறு தின்கிறவன்.

"அண்ணி, அவரைத் திட்டாதீங்க. நான்தான்."

"என்ன நீதான்?"

"கொடியைச் சுத்தி வெட்டக் கூடாது, பிடுங்கிட்டு வெட்டிட்டுத் திரும்ப நடணும்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்க. போகும்போது மெஷினுக்கு வலது பக்கம் இருந்துச்சு, பிடுங்கினேன். கோடி வரைக்கும் வெட்டிட்டுத் திரும்பி வந்தேன். வரும்போது என் வலது பக்கம் நட்டுட்டேன். மறுநாள் குழி வெட்டுறவங்க வந்து கொடி இருந்த இடத்துல வெட்டிட்டாங்க."

மெஷின் திரும்பினால் வலதும் கூடத் திரும்பும் என்பது அந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. முதல் பந்து முற்றத்தில் விழுந்த அன்றே உறைத்துவிட்டது. வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டான்.

"தெரிஞ்சே இருந்தியா? உங்க அண்ணன் சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்காரு. பக்கத்துல உட்கார்ந்து நீ சோறு தின்னுட்டு இருந்தே."

அவளுக்கு அவனை அறையலாம் போலிருந்தது. கொடியைப் பிடுங்கச் சொன்ன உத்தரவு தன்னுடையது என்பது அதைவிட எரிந்தது.

"நம்ம ஆள் பண்ணின தப்பா?" செக்ரட்டரிக்கு நிம்மதிப் பெருமூச்சே வந்தது. "அப்ப டிசைனர் பொறுப்பில்ல. கிளப்பும் இப்போதைக்கு ஒண்ணும் பண்ண முடியாது."

"எங்க தப்பு, நாங்களே மூடுறோம்" என்றாள் பெரியக்கா. "என்னை வேலையை விட்டுத் தூக்கணும்னா, மூடி முடிச்சப்புறம் தூக்குங்க."

அவளே போய் டிராக்டரைக் கிளப்பிக்கொண்டு வந்தாள். ஆட வந்த மெம்பர்கள் மட்டையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். கொழுந்தன் மண்வெட்டியை எடுத்தான். டிசைனரும் கிளம்பவில்லை. தன் பெயருள்ள ஹோல் இப்படிக் கிடப்பது அவருக்கும் ரோஷம்தான். இந்த முறை கொடிக்குப் பதில், மெஷினுக்கு வழிவிடாத கனத்த கம்பிகளாக அவரே வலது பக்கம் அடித்தார். செக்ரட்டரி மட்டும், தனக்கு எதுவும் தெரியாது என்கிற முகத்தோடு ஆபீசுக்கு நடந்தார்.

இடது பக்கக் குழியை மூடி, வலது பக்கம் புதுப் பங்கர் வெட்டி மணல் கொட்டி முடித்தார்கள். பெரியக்கா அடிக்கிற இடத்தில் போய் இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். வந்தவன் எல்லாம் மணலைப் பார்த்தான், இடது பக்கம் அடித்தான். முற்றத்தில் ஒரு பந்தும் விழவில்லை.

மறுநாள் காலை நாற்காலிக் கைப்பிடியில் கயிற்றைச் சுற்றிக் கட்டினாள். கொழுந்தன் அண்ணனைத் தூக்கிக்கொண்டு வந்து உட்காரவைத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் பின்கதவைத் தாண்டியது அன்றுதான். வெயில் நேராக முகத்தில் அடித்தது. அவர் கண்ணைச் சுருக்கினார், நல்ல கையைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டார். வேலிக்கு அந்தப் பக்கத்தை நெடுநேரம் பார்த்தார்.

"மரம்... எங்க?"

எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேள்வி கேட்டவளிடம் இப்போது ஒரு கேள்வி வந்தது. கொழுந்தன் தலையைக் குனிந்துகொண்டான். வேலிக்கு அப்பால் கிரீன் பாசியில்லாமல் பளபளவென்று வெயிலில் கிடந்தது.

"புல்லுக்கு வெயில் வேணும்ல" என்று வள்ளென்று விழுந்தாள். "எல்லாத்தையும் உங்களைக் கேட்டுக்கிட்டா பண்ணுவாங்க?"

பிறகு உள்ளே போய்க் குடையை எடுத்து வந்து, அவர் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள். வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கொழுந்தன் சொன்னான். அவள் நகரவில்லை.