இடப்பக்கம் இழுத்த இறக்கை

கைகள் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தன. பாதியாக உடைத்த பிளேடை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து, மூன்று தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டே போய், துணியைத் திருப்பி நூலின் நுனியை இழுத்தால் ஒரு சாண் நூல் முழுசாக வந்துவிடும். ஊசி போன துளை பெரிதாகக் கூடாது. துணி ஊதா நிறம், வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு. அடுத்தவர் போட்ட தையலை எத்தனையோ தடவை அலட்சியமாகப் பிரித்த கைகள்தான். இது தாங்களே போட்ட தையல் என்பதால் கொஞ்சம் தயங்கித் தயங்கிப் போயின.

"தைக்கிற ஆளு பிரிச்சிக்கிட்டு உக்காந்திருந்தா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க, மாமா?" என்று கேட்டாள் மனைவி மங்கலம். காபி டம்ளரை மெஷின்மேல் வைக்காமல் கையிலேயே பிடித்திருந்தாள். மெஷின்மேல் டம்ளர் வைத்தால் அன்றைக்கு வீட்டில் பேச்சு கிடையாது.

"தப்பா தைச்சிட்டான்னு நெனப்பாங்க. சரியாத்தான் நெனப்பாங்க" என்றார் சின்னையன்.

சிதம்பரம் தெற்கு வீதியிலிருந்து பிரிகிற சந்தில் அவருடைய கடை. கீரப்பாளையத்திலிருந்து பந்தல்காரரிடம் துணி மடிக்கும் வேலைக்கு வந்தவர். தேரைச் சுற்றித் தொங்குகிற உருளை உருளையான துணி அலங்காரத்துக்குத் தொம்பை என்று பெயர். கழித்துப் போட்ட பழைய தொம்பை ஒன்றை வீட்டுக்கு எடுத்துப்போய், ஒவ்வொரு தையலாகப் பிரித்து, திரும்ப அப்படியே தைத்துப் பார்த்தார். மூன்று தடவை கோணிக்கொண்டது. நாலாவது தடவை நேராகத் தொங்கியது. அதுதான் அவர் படித்த படிப்பு. அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் அவர் தைத்துக் கொடுத்த எதுவும் கடைக்குத் திரும்பி வந்ததில்லை.

அவருக்கு ஒரு கணக்கு உண்டு. தொம்பையை இழுத்துப் பிடித்துத் தைத்தால், தேர் முனை திரும்பும்போது அடிக்கிற காற்றில் கிழிந்துபோகும். அதனால் துண்டுக்குத் துண்டு ஒரு விரற்கடை தளர்வு விடுவார். "காத்துக்குன்னு கொஞ்சம் விடணும்" என்பார்.

அந்த விரற்கடைதான் இப்போது மடியில் கிடந்தது.

இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் ஆடி மாதம் ஜெயராணி டீச்சர் முதுகில் ஒரு பெரிய பையோடு கடைக்கு வந்தார். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்துகிறவர். கோடை விடுமுறையில் ஏலகிரி போய்ப் பாராகிளைடிங் கற்றுக்கொண்டு, அதில் பறக்கிற பழைய துணி இறக்கை ஒன்றையும் வாங்கியிருந்தார். இறங்கும்போது அதன் இடப்பக்கம் முள்மரத்தில் மாட்டி, பை பையாகப் பிரித்துத் தைத்த அறைகளில் ஐந்தின் மேல்துணி கிழிந்துவிட்டது. வெளிநாட்டுக் கம்பெனிக்கு அனுப்பினால் வருவதற்கு மாசக்கணக்காகும்.

"இத மாட்டிக்கிட்டு மலைமேலேர்ந்து குதிக்கப் போறீங்களா, டீச்சர்?"

"குதிக்கிறது இல்லண்ணே. ஓடணும். அதுவே தூக்கும்."

சின்னையன் அதை ஒரு வாரம் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு ஐந்து அறைகளுக்கும் புதுத் துண்டு வைத்துத் தைத்தார். காற்றில் நிற்கப்போகிற துணி. கை தானாகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு விரற்கடை விட்டது.

ஐப்பசி கடைசியில் டீச்சர் இமாச்சலம் போய்ப் பறந்துவிட்டுத் திரும்பி வந்தார். கூடவே சேதுமாதவன். மேலவீதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருப்பவர், டீச்சரோடு சேர்ந்து பறக்கிறவர். டீச்சர் ஸ்வீட் பாக்ஸை நீட்டி, "சூப்பரா இருந்துச்சிண்ணே" என்றார்.

சேதுமாதவன் போட்டோக்களைப் பரப்பினார். பனிமலை, அதற்கு முன்னால் ஊதா இறக்கை, கீழே ஊஞ்சலில் உட்கார்ந்த மாதிரி டீச்சர். மங்கலம் ஒவ்வொன்றாக எடுத்து, "எம்மாடி" என்று நெஞ்சில் கை வைத்தாள். சின்னையன் ஏழு போட்டோவையும் வரிசையாக அடுக்கினார். ஏழிலும் டீச்சரின் வலது கை கயிற்றை இடுப்புவரை இழுத்துப் பிடித்திருந்தது. இடது கை மேலேயே இருந்தது.

"டீச்சர், வலக்கைய ஏன் எறக்கியே வெச்சிருக்கீங்க?"

டீச்சர் சேதுமாதவனைப் பார்த்தார். அவர் கூரையைப் பார்த்தார்.

"சொல்லிடுங்க சார்" என்றார் சின்னையன்.

இமாச்சலத்தில் பீர் என்கிற ஊருக்கு மேலே உள்ள சரிவிலிருந்து இருவரும் பதினொரு மணிக்குக் கிளம்பியிருக்கிறார்கள். என்ஜின் கிடையாது. வெயிலில் சுட்ட பாறையிலிருந்து எழும்புகிற காற்றுக்குள் புகுந்து வட்டமடித்தால் அது மேலே தூக்கும். எங்கே எழும்புகிறது என்பதைக் கழுகுகள் சுற்றிச் சுற்றிக் காட்டிக்கொடுக்கும். மலையை வலப்பக்கம் வைத்துக்கொண்டு மேற்கே நாற்பது கிலோமீட்டர் போய், அதே மலையை இடப்பக்கம் வைத்துக்கொண்டு திரும்ப வேண்டும். அதுதான் திட்டம்.

கிளம்பிய பத்தாவது நிமிஷத்தில் இறக்கை இடப்பக்கமாக இழுக்கத் தொடங்கியது. போகும்போது பரவாயில்லை. இடப்பக்கம் இழுத்தால் மலையை விட்டுப் பள்ளத்தாக்குப் பக்கம் விலகும், அவ்வளவுதான். இழுக்கிற கயிற்றின் பக்கம் இறக்கை திரும்பும் என்பதால், டீச்சர் வலக் கயிற்றைப் பிடித்து இழுத்தபடியே நாற்பது கிலோமீட்டரையும் முடித்துவிட்டார். காட்டு மலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலுக்கடியில் போயின. ஒரு கழுகு பக்கத்திலேயே வந்து முறைத்துவிட்டுப் போனது.

திரும்பினால் மலை இடப்பக்கம்.

"நான் பின்னாடி வந்துக்கிட்டிருக்கேன்" என்றார் சேதுமாதவன். "இவுங்க நேரா பாறைய பாத்து போறாங்க. வாக்கிடாக்கில, டீச்சர், மலையைக் கட்டிப் புடிக்கப் போறீங்களான்னு கேட்டேன். கை மரத்துப் போச்சி, எறங்கறேன்னாங்க."

இறங்கிய இடம் ஆட்டுக்காரர்களின் புல்வெளி. சேதுமாதவன் தனியாகப் பறந்து திரும்பியிருக்கலாம். அவரும் கூடவே இறங்கினார். ஆடுகள் வந்து இறக்கைமேல் படுத்துக்கொண்டன. அவற்றை எழுப்ப டீச்சர் தமிழில் திட்டினார், ஆட்டுக்காரர் தன் பாஷையில் திட்டினார், ஆடுகள் இரண்டையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தன. பிறகு டீ குடித்துவிட்டு ஏழு மணி நேரம் நடந்து ரோட்டுக்கு வந்தார்களாம்.

மங்கலம் ஆடுகள் கதையைக் கேட்டுச் சிரித்தாள். சின்னையன் சிரிக்கவில்லை.

"ஏன் டீச்சர் சொல்லல?"

"நீங்க வருத்தப்படுவீங்கன்னுதான்."

"வருத்தப்பட நான் உசுரோட இருக்கேன். நீங்களும் இருக்கணுமில்ல."

சேதுமாதவன் மெல்ல, "மார்ச்சுல திரும்பப் போறோம். போயிட்டுத் திரும்பற பறப்ப முடிச்சாவணும். இந்தத் தடவ கம்பெனிக்கே அனுப்பிடலாமே" என்றார்.

 டீச்சர் பையைத் தோளிலிருந்து கழற்றி அவர் காலடியில் வைத்தார்.

மார்கழித் தேருக்கான வேலை முடியும்வரை அவர் பையைத் திறக்கவில்லை. பொங்கல் கழிந்ததும் இறக்கையின் வலப்பக்கத்தை வீட்டுக் கூடத்தில் விரித்தார். நல்லபடி இருந்த அந்த ஐந்து அறைகளுக்கும் மேலே சார்ட் பேப்பர் வைத்து, பென்சிலால் ஓரம் எடுத்தார். பேப்பர் டீச்சர் கொடுத்தது. பின்பக்கம் யாரோ பிள்ளை வரைந்த குவிலென்ஸ் படம் இருந்தது. வெட்டிய பேப்பரைத் திருப்பி இடப்பக்கம் வைத்துப் பார்த்தபோது, தான் விட்ட விரற்கடை ஐந்து இடத்திலும் பேப்பரைத் தாண்டி எட்டிப் பார்த்தது.

"புரிஞ்சி போச்சி" என்றார் மங்கலத்திடம். "தொம்பைய காத்து வெளியிலேர்ந்து அடிக்கும். இது உள்ளாற காத்த ரொப்பிக்கிட்டு நிக்கிற துணி. இதுக்கு ஜாஸ்தி விட்டா, விட்ட எடத்துல உப்பிக்கிட்டு இழுக்குது."

"இத்தினி நாளு கழிச்சி ஒரு பாடம்."

"பீஸு இல்லாம கெடைச்சிது."

பிளேடு வேலை நான்கு நாள். தையல் பதினொரு நாள்.

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடல்காற்று எழும்புகிற மூன்று மணிக்கு, நாலு பேரும் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நின்றார்கள். தான் முதலில் பிடித்துப் பார்க்காமல் தரமாட்டேன் என்றார் சின்னையன். இறக்கை எழும்பி அவரைக் குப்புறத் தள்ளி, பத்தடி மணலில் இழுத்துப்போனது. வலை உலர்த்திக்கொண்டிருந்த அந்தோணிசாமி, "யோவ், பட்டத்த நீ வுடுறியா, உன்ன அது வுடுதா?" என்று கத்தினார். மங்கலம் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டுச் சின்னையன் எழுந்தார். "எந்தப் பக்கம் இழுத்துச்சி?"

"நேரா. எந்தப் பக்கமும் இழுக்கல" என்றார் சேதுமாதவன். "கோடு பாருங்க."

மணலில் அவர் உடம்பு கிழித்த தடம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. சின்னையன் குனிந்து அதை இரண்டு முனையிலிருந்தும் பார்த்தார்.

பிறகு டீச்சர் தோளிலும் இடுப்பிலும் இறக்கையின் பட்டைகளை மாட்டிக்கொண்டு நின்றார். இறக்கை அவர் தலைக்கு மேல் எழுந்து நின்றது. சின்னையன் எதிரே நின்று, இரண்டு கயிற்றுக் கைப்பிடிகளையும் தான் வாங்கிப் பிடித்துக்கொண்டார். பிடியைத் தளர்த்தினார். விரல்களை முழுக்கத் திறந்து, கைப்பிடிகள் சும்மா தொங்கும்படி விட்டார். மேலே அண்ணாந்து பார்த்தபடி எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. பத்துவரை எண்ணியும் ஊதாத் துணி எந்தப் பக்கமும் சாயவில்லை.

"கைய நீட்டுங்க டீச்சர்."

இடது கைப்பிடியை அவருடைய இடது கையில் வைத்தார். வலதை வலது கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார்.