சுடலைக் கீரை

அந்தச் சனிக்கிழமை நான் நித்திரை கொள்ளத்தான் இருந்தேன். முதியோர் இல்லத்தில் வேலை எனக்கு. வெள்ளிக்கிழமை எனக்குப் பிறகு வரவேண்டியவள் வராததால் என்னையே மறித்து இரண்டாவது ஷிஃப்டும் செய்வித்துவிட்டார்கள். சனி பின்னேரம் மறுபடியும் வேலை. காலையில் வீட்டுக்கு வந்து சப்பாத்துக்கூடக் கழற்றவில்லை, மகள் முன்னால் வந்து நின்றாள்.

"அம்மா, இண்டைக்கு அந்த ஹில்லுக்குப் போகவேணும். அசைன்மென்ற் மண்டே டியூ."

"எந்த ஹில்?"

"பெரியம்மா வோக் போற ஹில்தான். அந்த இடத்தைப் பாவிக்கிற ஆளோடை கதைக்கச் சொன்னவை. பெரியம்மாவோடை கதைக்க என்ரை தமிழ் காணாது. நீங்களும் வாங்கோ."

பல்கலைக்கழகத்துக்குக் கட்டுகிற காசில் இதுக்கும் ஒரு ஆளைப் பிடித்துத் தரமாட்டார்களா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு எழும்பினேன்.

பெரியம்மா என்றால் என் அக்கா. எங்களோடுதான் இருக்கிறார். சீனி வருத்தத்துக்கு நடக்கச் சொல்லி டொக்டர் சொன்ன நாள் முதல், ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் இருக்கும் அந்தப் புல் மேட்டில் ஏறி இறங்குவதுதான் அவருக்கு வேலை. சுற்றிவர வீடுகள், நடுவில் தனியாக ஒரு மேடு. இறங்கி வரும்போது வேலியோரம் முளைத்திருக்கும் குப்பைக்கீரையை ஒரு பை நிறைய ஆய்ந்துகொண்டு வருவார். தேங்காய்ப்பூப் போட்டு வறுத்தால் ருசிதான், பொய் சொல்லக்கூடாது. நான் ஒருநாளும் அந்த மேட்டில் ஏறியதில்லை. வேலைக்குப் போய்வந்த காலுக்கு மேடு ஒன்றுதான் குறை.

அக்காவைப் பற்றிச் சொன்னால் தம்பியைப் பற்றியும் சொல்லவேண்டும். அம்மா செத்தபிறகு அவனை வளர்த்தவர் அக்காதான். கலியாணமும் கட்டவில்லை. ஊரில் நடந்த கடைசிச் சண்டையில் அவன் காணாமல் போனான். காணாமல் போனான் என்றுதான் எங்கள் வீட்டில் சொல்லலாம். ஒரு பிறந்தநாள் வீட்டில் 'பாவம், நல்ல பெடியனாய் இருந்தவன்' என்று வாய்தவறிச் சொன்ன சொந்தக்காரியோடு அக்கா இன்றுவரை முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. ஊரில் ஒரு சாத்திரியார் வேறு, வருசம் தவறாமல் 'ஆள் உயிரோடை இருக்கிறார், வடக்குத் திசையிலை' என்று சொல்லியனுப்புவார். எங்கள் ஊருக்கு வடக்கே கடல்தான் இருக்கிறது. அதை அக்காவுக்கு யார் சொல்வது?

அவன் செத்துவிட்டான் என்று எனக்கு எப்போதோ தெரியும். தெரிந்தும் அழாமல் இருப்பதைப் போல ஒரு களைப்பு உலகத்தில் இல்லை. நாலு ஷிஃப்ட் தொடர்ந்து செய்யலாம், அதைச் செய்யமுடியாது.

மேட்டில் அக்கா முன்னால் நடந்தார், தன் சொந்த வளவுக்குள் எங்களைக் கூட்டிப்போவதுபோல. உச்சியில் ஒரு பெரிய கல், அதில் ஏதோ எழுதிய தகடு. அக்கா போன வேகத்தில் அந்தக் கல்லில் சாய்ந்து இருந்துகொண்டார்.

"இதுதான் என்ரை இடம். தேவாரம் எல்லாம் இதிலை இருந்துதான் படிக்கிறனான்."

மகள் கையில் ஃபோனை வைத்துக்கொண்டு தொடங்கினாள். அவள் அரை ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொன்னேன். வெள்ளைக்காரன் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதற்கு எவ்வளவோ காலம் முன்பே இங்கே வென்டாற் என்ற பூர்வகுடிச் சனங்களின் முன்னோர் இருந்திருக்கிறார்கள். நீளமான மரவீடுகள் கட்டி, சோளமும் போஞ்சியும் பூசணியும் பயிர் செய்தவர்கள். பிறகு இந்த நகரம் வளரத் தொடங்கிய காலத்தில், ரோட்டு வேலைக்கு இந்த மேட்டில் மண் வெட்டிய மெசின் எலும்புகளைக் கிளறிவிட்டது. நூற்றுக்கணக்கானவர்களின் எலும்புகள். அதற்குப் பிறகுதான் வெட்டுவதை நிறுத்தி, இருந்தபடி விட்டார்களாம்.

அக்கா கல்லைவிட்டுத் துள்ளி எழும்பினார்.

"என்னடி சொல்லுறாய்? உது சுடலையோ?"

"ஓம் அக்கா, அப்பிடித்தான் போலை."

"ஐயோ, கடவுளே! சுடலைக் கீரையை எல்லோ இவ்வளவு நாளும் திண்டிருக்கிறம்!"

எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. நித்திரையில்லாத சிரிப்பு, நிற்கவும் மாட்டேன் என்றது. மகளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"பெரியம்மா, இட்ஸ் சேக்ரட். அப்பிடிச் சொல்லக்கூடாது."

"அதைத்தான் பிள்ளை நானும் சொல்லுறன். இவ்வளவு நாளும் செருப்போடை எல்லோ ஏறினனான்." சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்.

மகள் மேலே படித்தாள். அந்தச் சனங்கள் மண் சத்துக் கெட்டால் ஊரோடு வேறு இடத்துக்கு மாறிவிடுவார்கள். மாறுவதற்கு முன்னால், அதுவரை செத்த எல்லோரையும் தோண்டி எடுப்பார்கள். எலும்புகளைத் துப்புரவாக்கி மிருகத் தோலில் சுற்றி, முதுகில் சுமந்து வந்து, எல்லோரையும் ஒரே பெரிய குழியில் ஒன்றாகக் கலந்து புதைப்பார்கள். அதுவரை செத்தவர்களின் சீவன் ஊரைவிட்டுப் போகாதாம். அதற்குப் பிறகுதான் தன்பாட்டில் போகுமாம்.

அக்கா செருப்பைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஆர் எலும்பு துடைக்கிறது?"

"வீட்டுப் பொம்பிளையள், பெரியம்மா."

"பயமில்லாமலோ?"

"அவையின்ரை ஆக்கள்தானே. அழுதுகொண்டு துடைப்பினமாம்."

கீழே பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"எலும்பு கிடைக்காத ஆக்களுக்கு என்ன செய்தவையாம்?"

அவர் கேட்டது என்னை. நான்தானே மொழிபெயர்க்க வந்தவள். எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. ஆனால் மகளுக்கு விளங்கியிருந்தது. ஃபோனை அணைத்துக் காற்சட்டைப் பைக்குள் வைத்தாள்.

"தெரியாது, பெரியம்மா" என்றாள்.

"ம். இறங்குவம்" என்றார் அக்கா.

வாசலில் எங்கள் இருவரையும் மறித்தார். சுடலைக்குப் போனவர்கள் தலைமுழுகித் தோயாமல் உள்ளே போகக்கூடாதாம்.

"அக்கா, பாத்றூம் உள்ளுக்கைதானே இருக்கு. இஞ்சை என்ன, முத்தத்திலை கிணறோ?"

அவர் அசையவில்லை. கடைசியில், ஒன்றிலும் தொடாமல் ஒவ்வொருவராகப் போவதென்று முடிவானது. மகள் முதலில் போனாள், பிறகு அக்கா. நான் வாசலில் சப்பாத்துகளுக்கு நடுவில் சுவரில் சாய்ந்து அப்படியே உறங்கிவிட்டேன். தோளில் ஈரக் கை பட்டது. அக்காவின் தலைமயிரிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"எழும்பு. போய்த் தோய்."

"வேலைக்குப் போகமுன்னம் தோயிறன், அக்கா. கண் திறக்க ஏலாமல் கிடக்கு."

"இப்ப தோய். நான் தம்பிக்கும் சேர்த்துத்தான் தோய்ஞ்சனான்."

எங்கள் ஆட்களில் ஒருவர் செத்தால், செய்தி எந்தத் தேசத்தில் காதில் விழுந்தாலும் தலையில் தண்ணீர் வார்த்துக்கொள்வோம். தூரத்துச் சொந்தத்துக்குக்கூட வார்த்திருக்கிறோம். அவனுக்கு மட்டும்தான் ஒரு சொட்டும் வார்க்கவில்லை. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், "போடி, போய்த் தோய்" என்றார்.

தண்ணீரைத் திறந்துவிட்டுக் குழறி அழுதேன். வெளியே கேட்கட்டும் என்றுதான் அழுதேன். இனி யாருக்கு ஒளிக்க?

வெளியே வந்தபோது அக்கா கட்டிலில் இருந்தார். மகள் பக்கத்தில் இருந்து அவருடைய தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"செத்தவீட்டுத் துடக்கோடை வேலைக்குப் போகாதை. ஃபோன் பண்ணிச் சொல்லு" என்றார் அக்கா.

எடுத்தேன். வீட்டில் ஒரு மரணம், வரமுடியாது என்றேன். மேற்பார்வையாளர் நல்லவள், வருத்தப்பட்டாள். யார் என்று கேட்டாள்.

"என் தம்பி."

"ஐயோ. எப்போது?"

அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்றைக்கு" என்றேன்.