பன்னிரண்டு அமர்வும் ஒரு வெப்ப விளக்கும்

எங்கள் தொழிலில் வைத்தியர் வாயை மூடிக்கொண்டு நோயாளியைப் பேசவிட வேண்டும். முதல் பாதி வைத்தியருக்குக் கஷ்டம், இரண்டாம் பாதி நோயாளிக்குக் கஷ்டம்.

காரைக்குடியில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனை ஒன்றில் நான் மனநல ஆலோசகன். போர்முனையில் கண்டது இன்னும் துரத்துகிறவர்களுக்கு ஆராய்ச்சியில் தேறிய சிகிச்சை ஒன்று உண்டு. அந்த நினைவைக் கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். சொன்னதைப் பதிவுசெய்து வீட்டில் தினமும் கேட்க வேண்டும். பயந்து ஒதுங்கிய இடங்களுக்குப் படிப்படியாகப் போக வேண்டும். மொத்தம் பன்னிரண்டு அமர்வு. சென்னையில் பயிற்சி பெற்று, கையேட்டை வரிக்கு வரி கோடிட்டுப் படித்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டினேன். பிறகு நடந்ததை, பக்கத்து மேசைக்குப் போகும் பாராட்டைக் கேட்டு வயிறெரிந்த அனுபவமுள்ள அன்பர்களுக்காக எழுதுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர் எழுதச் சம்மதித்தார். அதுவும் நான் கேட்டபோது அல்ல, இன்னொருவர் கேட்டபோது.

எல்லாம் சரி

ஹவில்தார் கார்மேகம் புதுவயல்காரர். அரிசி ஆலை வாசலில் ஒரு லாரி டயர் வெடித்தபோது, நின்றிருந்த இன்னொரு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டார். அரை மணி நேரம் வெளியே வரவில்லை. அவரை அழைத்துவந்தவர் மனைவி மங்கை. மூன்று மாதத்தில் மகளுக்குக் கல்யாணம். வேட்டுப் போடுவார்கள், கூட்டமிருக்கும், நான் மண்டபத்துக்கு வரமாட்டேன், என் தம்பி தாரை வார்க்கட்டும் என்கிறாராம் மனுஷர். அப்பா வராவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்கிறாளாம் மகள்.

பயத்தைச் சைபரிலிருந்து நூறுக்குள் ஓர் எண்ணாகச் சொல்வது எங்கள் சிகிச்சையின் அரிச்சுவடி. கேட்டேன். சைபர் என்றார். லாரிக்கு அடியில்? அதுவும் சைபர். தினமும் 'எல்லாம் சரி' என்று மேலதிகாரிக்கு ரிப்போர்ட் கொடுத்துப் பழகிய நாக்கு. ஓய்வு பெற்றுப் பதினோரு வருடமாகிவிட்டதே, இன்னும் என்ன தயக்கம் என்றேன்.

"கூடச் சொன்னா மெடிக்கல் கேட்டகிரியை, அதான் உடம்புத் தகுதியை, குறைச்சுப்புடுவாக சார். ரெக்கார்டுல நிக்கும்ல?"

திரைக்கு அந்தப் பக்கம்

அவருக்குத் தோள்வலியும் உண்டு. அதற்கு என் அறைக்கு எதிரே, ஒரு பச்சைத் திரைக்குப் பின்னால், இயன்முறை மருத்துவர் சித்ரா வெப்ப விளக்கு வைப்பாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகவில்லை. மூன்று அமர்வில் நான் சேகரித்தது ஒன்பது சைபர். ஒரு மத்தியானம் அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே, "பாவம் சார், அந்தக் குமாரு. கார்மேகம் ஐயா உங்ககிட்ட எல்லாம் சொல்லியிருப்பாருல்ல?" என்றாள். எனக்கு எந்தக் குமாரையும் தெரியாது. 'சொன்னார், சொன்னார்' என்று தயிர்சாதத்தைப் பிசைந்தேன்.

விளக்குச் சூட்டில் குப்புறப் படுத்தபடி கால் மணி நேரத்தில் முழுக் கதையையும் சொல்லியிருக்கிறார். எனக்குக் கையேடு இருநூறு பக்கம். அவளுக்கு ஒரு விளக்கு, ஒரு துண்டு. அடுத்த முறை அவர் வந்ததும், கோபத்தை மறைத்துக்கொண்டு, அவளிடம் மட்டும் எப்படிப் பேச்சு வந்தது என்று விசாரித்தேன்.

"அந்தப் பிள்ளை, 'ரொம்ப வலிக்குதாய்யா'ன்னு கேட்டுச்சு சார். நீங்க நம்பர்தானே கேட்டீக?"

பதிவு

இந்தச் சிகிச்சையைப் புதிதாகச் செய்பவர்கள் தங்கள் அமர்வுகளைப் பதிவுசெய்து மேற்பார்வையாளருக்கு அனுப்ப வேண்டும். வாரம் ஒருமுறை அவர் தொலைபேசியில் திருத்துவார். மூன்றாவது அமர்வை அனுப்பினேன். அதில் மூளையில் அச்சம் விழித்துக்கொள்ளும் பகுதி பாதாம் பருப்பு வடிவத்தில் இருப்பதை விளக்கியிருந்தேன். கார்மேகம் நடுவில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: பாதாம் சாப்பிட்டால் சரியாகிவிடுமா என்று. அதற்கும் எட்டு நிமிடம் பதில் சொல்லியிருந்தேன். பாராட்டுக்குக் காத்திருந்தேன். மேற்பார்வையாளர் கூப்பிட்டார்.

"நல்லாப் பேசுறீங்க சார். இதுல பேஷண்ட் யாரு?"

வீட்டுப்பாடம்

நான்காவது அமர்வில் வாயை மூடினேன். எண்ணுக்குப் பதில், "ரொம்பக் கஷ்டமா இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். அந்தக் கேள்வி யாருடையது என்பது உங்களுக்குத் தெரியும். கார்மேகம் கண்ணை மூடினார். பனிமலைக் காவல் சாவடி. நண்பன் குமாரைக் காவலிலிருந்து மாற்ற வேண்டிய நேரம். இவர் பூட்ஸ் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்த அந்த இரண்டு நிமிடத்தில், குமார் நின்ற இடத்தில் குண்டு விழுந்தது. தாமதித்த நான்தான் கொன்றேன் என்றார். பதிவைக் கைபேசியில் ஏற்றி, தினமும் ஒருமுறை கேட்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன்.

அடுத்த வாரம் இருவருமாக வந்தார்கள். ஏழு நாளும் கேட்டீர்களா என்றேன். "கேட்டாச்சு சார். வீட்டுல கேட்டாக" என்று மனைவியைக் காட்டினார். ஆர்டர் நிறைவேற வேண்டும், யார் டூட்டி பார்த்தால் என்ன என்பது அவர் கணக்கு. கையேட்டில் இதற்குப் பக்கமே இல்லை. நான் பதறிக்கொண்டிருக்கும்போதே மங்கை அவர் பக்கம் திரும்பிவிட்டார். பின்னால் ஓர் அமர்வுக்கென்று, நான் ஒரு வாரமாக மெருகேற்றி வைத்திருந்த கேள்வி மங்கையின் வாயிலிருந்து வந்தது. என்னுடையதைவிடச் சிறியதாக, நல்லதாக.

"வெரசாப் போயிருந்தா நீங்க செத்திருப்பீக, குமாரு அண்ணன் வந்து எனக்குச் சேதி சொல்லியிருப்பாரு. அப்ப அவரைப் பார்த்து, நீங்கதான் கொன்னீகன்னு நான் சொல்லியிருப்பேனா?"

கார்மேகம் வெகுநேரம் அழுதார். பிறகு தினமும் தானே கேட்டார்.

கூட்டம்

ஏழாவது அமர்வுக்குப் பிறகு படியேற்றம். முதலில் ஆலை வாசலில் நின்று மூட்டை விழும் சத்தம் கேட்டார். அடுத்து, சதுர்த்தியன்று பிள்ளையார்பட்டி கோயில். பயம் ஏறும்போது ஓடக் கூடாது, தானாக இறங்கும்வரை நிற்க வேண்டும் என்பதே விதி. வரிசையில் கூடவே நின்றேன். அவர் சட்டை வேர்வையில் நனைந்தது, கண் வெளிவாசலைத் தேடியது. எண் கேட்டேன். தொண்ணூறு என்றார். முதன்முதலாக உண்மை! ஐம்பது நிமிடத்தில் எழுபது, ஐம்பது, முப்பது. என் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாக ஒரு சிகிச்சை நடந்ததில்லை. இங்கே இயன்முறையும் இல்லை, இல்லாளும் இல்லை. பெயர் எனக்குத்தான் என்று நிமிர்ந்தேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பார்த்தீகளா சார், கற்பக விநாயகர் கைவிடலை!"

முகூர்த்தம்

அரியக்குடியில் கல்யாணம். நானும் சித்ராவும் போயிருந்தோம். தாரை வார்க்கும் நேரத்தில், அடக்கி வாசிக்கச் சொல்லியும் கேட்காமல், வாசலில் வேட்டு வைத்துவிட்டார்கள். கார்மேகத்தின் தோள் குலுங்கியது. தாரைத் தண்ணீர் பாதி தரையில் சிந்தியது. தம்பி எழுந்து முன்னால் வந்தார். கார்மேகம் தலையை அசைத்து அவரை உட்காரச் சொல்லிவிட்டு, கண்ணைத் திறந்தபடியே மூன்று வேட்டுச் சத்தத்தையும் கேட்டு, மிச்சத் தண்ணீரை வார்த்தார். மகள் சிரித்தபடியே அழுதாள். நான் கையேட்டில் சொல்லாத ஒன்றைச் செய்தேன், மூக்கைச் சிந்தினேன்.

பந்திக்கு முன் சம்பந்தியிடம் எங்களை அழைத்துப்போனார். சித்ராவைக் காட்டி, "இவுகதான் என்னைய மண்டபத்துக்குள்ள கொண்டாந்த டாக்டரம்மா" என்றார். சம்பந்தி கும்பிட்டுவிட்டு, இவர் யார் என்பதுபோல என்னைப் பார்த்தார். கார்மேகம் என் தோளில் வாஞ்சையோடு கை வைத்தார்.

"சாரும் அங்குட்டுத்தான் இருக்காக."

ஆக, ஆராய்ச்சியில் தேறிய சிகிச்சை எங்கள் ஊரிலும் தேறிவிட்டது என்று மேலிடத்துக்கு எழுதிவிட்டேன். படிவத்தில், அதைச் செய்தவர் யார் என்ற கட்டத்தில் மட்டும் என் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினேன்.