நான் பார்த்துக் கொடுத்த பிக்கப்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் கனடாவின் மொன்றியலில் எங்கள் ஆட்கள் யாராவது பழைய வாகனம் வாங்கப் போனால் முதலில் எனக்குத்தான் தொலைபேசி வரும். யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் ஒரு கராஜில் வேலை செய்தவன் நான். இங்கே கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் துணி மடித்துக்கொண்டிருந்தாலும் அந்தப் பழைய பெயர் என்னை விட்டுப் போகவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் அதை விட விரும்பவில்லை. கிழமை முழுக்க மேற்பார்வையாளரிடம் ஏச்சு வாங்குகிறவனுக்குச் சனிக்கிழமை நாலு பேர் சுற்றி நின்று தன் வாயையே பார்ப்பது பெரிய சுகம். எஞ்சினை மூடும் பொனற்றைத் தூக்கிக் காதைச் சாய்த்துக் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு நான் "எடுக்கலாம்" என்றால் எடுப்பார்கள். உதட்டைப் பிதுக்கினால் போய்விடுவார்கள்.

அதிகம் கேட்கப்பட்ட கேள்வி பின்னால் திறந்த தொட்டியுள்ள பிக்கப்பைப் பற்றியதுதான். பன்னிரண்டு வருடம் ஓடிய காரைப் பழைய இரும்பு வாங்குகிறவன்கூட அரைமனதோடுதான் இழுத்துப்போவான். அதே வயதுப் பிக்கப்புக்கு மட்டும் வாய் கூசாமல் எட்டாயிரம், ஒன்பதாயிரம் டொலர் கேட்பார்கள். புதியதை எங்களைப் போன்றவர்கள் கனவிலும் தொட முடியாது. ஆனால் ஒரு பிக்கப் இருந்தால் குளிர்காலத்தில் முன்னுக்கு இரும்புப் பலகை பூட்டி வீட்டு வாசல்களில் பனி தள்ளலாம். வாடகை ஒப்பந்தங்கள் முடிந்து யூலை முதலாம் திகதி நகரமே வீடு மாறும்போது சாமான் ஏற்றலாம். உழைக்கிற வண்டி என்பதால் அதன் விலை இறங்குவதே இல்லை. இந்த விலை தகுமா என்று என்னிடம் கேட்பார்கள். தகும் என்றே சொல்லி வந்தேன்.

அது ஊர் தந்த புத்தி. பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் புது வாகனம் எதுவும் வராது. நான் பிறப்பதற்கு முந்திய மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின, வருடத்துக்கு வருடம் விலை ஏறின. அங்கே ஒரு வாகனம் செத்ததென்றால் எஞ்சின் செத்தது என்றுதான் அர்த்தம். புகையைப் பார்ப்போம், சத்தத்தைக் கேட்போம், எண்ணெயை விரலில் தொட்டு உரசிப் பார்ப்போம். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை யாரும் பார்ப்பதில்லை, அது ஓட்டுகிறவனைவிட அதிக காலம் இருக்கும். இங்கே வருடத்தில் ஐந்து மாதம் தெருவில் உப்புக் கொட்டுகிறார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. என் சப்பாத்தில் வெள்ளையாய்ப் பூத்த உப்பை ஒவ்வொரு நாளும் துடைத்தேன். அதே உப்பு இரும்பை என்ன செய்யும் என்று ஒரு நாளும் யோசிக்கவில்லை. இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

என் அக்காவின் கணவர், அதாவது அத்தான், அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பக்கம் குடியிருந்தார். அலுவலகக் கட்டடம் ஒன்றில் துப்புரவு வேலை. ஒரு பிக்கப் எடுத்தால் அந்த வேலைக்குக் கும்பிடு போட்டுவிடலாம் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஓர் ஒக்ரோபர் ஞாயிறு இருவருமாக ஆற்றைக் கடந்து லொங்குய்யில் ஒரு வீட்டுக்குப் போனோம். விற்பவர் எழுபது வயது மதிக்கத்தக்க கியூபெக்காரர். சிவப்புப் பிக்கப். பின்னால் இரண்டு சின்னப் பிள்ளைகள் ஒடுங்கி இருக்கக்கூடிய இருக்கை. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் முனகாமல் பிடித்தது. எனக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. அத்தான்தான் குனிந்து கீழே பார்த்தார்.

"மச்சான், அடியெல்லாம் புதுசாக் கறுப்பு அடிச்சுக் கிடக்கு."

"கவனமா வச்சிருந்த மனிசன் அத்தான். இப்பிடி ஆர் பாக்கினம்?" என்றேன்.

அத்தான் குனிந்திருந்த நேரம் முழுவதும் அந்த மனிதர் ஒரு சொல்லும் பேசாமல் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தான் நிமிர்ந்த பிறகுதான் மூச்சு விட்டார். நான் அதைக் கவனித்தேன், ஆனால் கணக்கில் எடுக்கவில்லை. எட்டாயிரம் கேட்டார், ஒரு டொலரும் குறைக்கவில்லை. நல்ல சாமான் வைத்திருப்பவன்தான் விலையில் இறங்கமாட்டான் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டு, "எடுக்கலாம் அத்தான்" என்றேன். அக்கா சீட்டெடுத்து வைத்திருந்த காசு அன்றைக்கே கை மாறியது.

முதல் குளிர்காலம் வண்டி நன்றாக உழைத்தது. அத்தான் துப்புரவு வேலையை விட்டார். அக்கா என்னைக் காணும்போதெல்லாம் கோழிக்கறி சமைத்தாள். இரண்டாம் குளிர்காலத்தில், வண்டி நிற்கும் இடத்தில், பனியின்மேல் செம்மண் நிறத்தில் துகள்கள் விழத் தொடங்கின. அத்தான் அதைச் சப்பாத்தால் தள்ளிவிட்டுப் போவார். பனி கரைந்த பிறகு தளத்தில் கறை தெரிந்தது, அதைக் கழுவினார். பிறகு கதவு சரியாகச் சாத்தவில்லை. ஆட்கள் இருக்கும் பகுதிக்கும் பின்னால் சாமான் ஏற்றும் தொட்டிக்கும் நடுவில் விரலளவு இடைவெளி ஒன்று உண்டு. அது கிழமைக்குக் கிழமை மேலே ஒடுங்கியும் கீழே அகன்றும் வந்தது. இரண்டு பகுதியும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்துகொண்டிருந்தன. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அன்றைக்கே தெரிந்திருக்கவேண்டும். யூலை முதலாம் திகதி ஒரு குளிர்சாதனப் பெட்டியை ஏற்றியபோது கீழே இருந்து முறிகிற சத்தம் வந்தது. அத்தான் என்னைக் கூப்பிட்டார்.

நான் ஸ்க்ரூ ட்ரைவரோடு வண்டிக்கு அடியில் படுத்தேன். கறுப்புப் பூச்சில் மெல்லக் குத்தினேன். அது பிடி வரைக்கும் உள்ளே போனது. இழுத்தபோது தீய்ந்த அடிச்சட்டிப் பொருக்குப்போல இரும்பு தட்டுத் தட்டாய்க் கழன்று என் முகத்தில் கொட்டியது. ஓரடி தள்ளிக் குத்தினேன், அங்கேயும் அப்படித்தான். இரும்பு இருந்த இடத்தில் நிறம் மட்டும்தான் இருந்தது. அந்த லொங்குய்க் கிழவர் ஏன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று அப்போது விளங்கியது.

இரும்பு ஒட்டும் வெல்டிங் வேலை செய்யும் ஒருவரிடம் காட்டினோம். ஒட்டுவதற்கு இரும்பு வேண்டுமே என்றார் அவர். பெருந்தெருவில் வேகமாகப் போகும்போது இது நடுவில் இரண்டாய் மடியும், இன்றைக்கா அடுத்த வருடமா என்று மட்டும் தன்னால் சொல்ல முடியாது என்றார்.

"இரும்புக் கடைக்குக் குடுப்பம் அத்தான்," என்றேன்.

அத்தான் சாவியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனார். மூன்று நாள் என்னோடு பேசவே இல்லை. நாலாம் நாள் கறுப்புப் பூச்சுத் தெளிப்பான் நாலு வாங்கி வந்து வண்டிக்கு அடியில் படுத்தார். விற்க முதல் பூசவேண்டும், விளக்குப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார். நான் பிடித்தேன். பக்கத்து மாகாணமான ஒன்டாரியோவில் என்றால் விற்கும்போது பரிசோதனைப் பத்திரம் கேட்பார்கள். எங்கள் கியூபெக்கில் விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒத்துக்கொண்டால் காணும்.

அக்கா என்னைக் குசினிக்குள் கூப்பிட்டாள். "தம்பி, நீ ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். எஞ்சினைப் பற்றிக் கேட்டா எஞ்சினைப் பற்றிச் சொல்லு. அவ்வளவு காணும். எங்களை இதுக்குள்ள இறக்கினது நீதானே."

அது உண்மைதான்.

வாங்க வந்தவர் மன்னார்க்காரர், முப்பது வயது இருக்கும். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஞாயிறு பூசைக்குப் பிறகு கத்தோலிக்கக் கோயில் வாசலில் யாரோ சொல்லித்தான் வந்தாராம். முழந்தாளிட்டுக் கீழே பார்த்தார். "அடி நல்ல சுத்தமாக் கிடக்கு," என்று எழும்பினார். பிறகு அத்தானை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணை, நீங்கள்தானே பாத்து எடுத்துக் குடுத்தது?"

"ஓம்."

"எப்பிடி, நம்பிப் பிள்ளையளை ஏத்தலாமோ?"

"எஞ்சின் உங்களைக் கைவிடாது," என்றேன்.

அவருக்கு அது ஆம் என்றே கேட்டது. அப்படிக் கேட்கவேண்டும் என்றுதான் நானும் சொன்னேன். எட்டாயிரத்து முந்நூறு கொடுத்தார். நாங்கள் வாங்கிய விலையைவிட அதிகம். அத்தான் காசை எண்ணாமலே வாங்கிப் பைக்குள் வைத்தார். பிள்ளைகள் பின்னிருக்கையில் ஏறிக் கையசைத்துக்கொண்டு போனார்கள். அன்றைக்கு அக்கா வைத்த சோற்றை நான் தொடவில்லை.

ஓகஸ்டில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அவரிடமிருந்து தொலைபேசி. ஒன்டாரியோவில் மாதா கோயில் ஒன்றின் திருநாளாம். விடியக் குடும்பமாய் வெளிக்கிடுகிறார்களாம். போக ஏழு மணித்தியாலம் ஓடவேண்டும், எண்ணெய் எவ்வளவு இருக்கவேண்டும் என்று கேட்டார். நான் எண்ணெய் அளக்கும் கோலை எப்படி இழுத்துப் பார்ப்பது, எந்தக் கோடுவரை இருக்கவேண்டும், சக்கரத்துக்கு எவ்வளவு காற்று என்றெல்லாம் நிதானமாக விளங்கப்படுத்தினேன். அந்த ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பயணம் வெளிக்கிடுகிறவர்களிடம் அபசகுனமாக ஒரு சொல் சொல்லக்கூடாது என்றுதான் எங்கள் வீட்டில் வளர்த்தார்கள். யாராவது தும்மினால்கூட இருத்தித் தண்ணீர் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அந்தப் பழக்கத்துக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன்.

"சரி அண்ணை, போட்டு வாறம்."

"கவனமாப் போட்டு வாங்கோ," என்றேன்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தேன். எனக்குப் பாதியும் விளங்காத பிரெஞ்சுச் செய்தியில் தெரு ஒன்று காட்டப்படும்போதெல்லாம் சிவப்பு நிறம் தெரிகிறதா என்று பார்த்தேன். அவர்களுடைய வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன், பதில் இல்லை. திங்கள் முழுக்கத் துணிகளைத் தப்புத் தப்பாய் மடித்தேன். இந்த முறை திரும்பி வந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்று எல்லாத் தெய்வங்களுக்கும் வாக்குக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை கதவைத் தட்டினார். கையில் சின்னப் போத்தலில் மாதா கோயில் தீர்த்தம், எனக்காகக் கொண்டுவந்தது. அவரைக் கட்டிப்பிடித்து அழவேண்டும்போல இருந்தது. எட்டி யன்னலால் பார்த்தேன். தெருவில் பிக்கப் இல்லை.

"மெட்ரோவிலதான் வந்தனான் அண்ணை. வண்டியை நேற்று வித்திட்டன். வரேக்க அடியில ஒரு மாதிரிச் சத்தம், மனிசி பயந்திட்டா. ஆனா விலையைக் கேளுங்கோ, எட்டாயிரத்து எண்ணூறு! லொங்குய்யில இருக்கிற ஒரு பெடியன், எங்கட ஆள்தான். கீழ பாக்கக் குனிஞ்சவன். நீங்கள் பாத்த வண்டி எண்டன். உடன எழும்பிட்டான்."

சத்தத்துக்கு என்ன காரணம் என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. அந்தப் பெடியனின் தொலைபேசி இலக்கத்தை நான் கேட்டபோது மட்டும் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு எழுதித் தந்துவிட்டு அவசரமாகப் போனார். நான் உடனே எடுத்தேன். நான் யார் என்று சொன்னதும் மறுபக்கத்தில் ஒரே மகிழ்ச்சி. என்னைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாராம்.

"தம்பி, கவனமாக் கேளும். அந்தப் பிக்கப்பின்ர அடிச்சட்டம் உக்கிப்போச்சு. கறுப்புக்குக் கீழ இரும்பே இல்லை. அதை இனி ஓட்டாதையும்."

"பின்னை ஏன் அண்ணை நல்ல வண்டியெண்டு சொன்னனீங்கள்?"

"பிழை விட்டிட்டன்."

அவர் மெல்லச் சிரித்தார். "எனக்கு வித்த அண்ணை முந்தியே சொன்னவர். இந்த வண்டியை எடுக்க ஆக்கள் அடிபடுகினமாம். எடுத்த கையோட ஆரும் வந்து குறை சொல்லி, விலையைக் குறைச்சுத் திருப்பி வாங்கப் பாப்பினமாம். விட்டிடாதையும் எண்டவர்."

"எனக்கு உந்த வண்டி வேண்டாம் தம்பி."

"அப்ப வேண்டுறதெண்டா எவ்வளவு தருவீங்கள்?"

என்னிடம் வங்கியில் மூவாயிரத்துச் சொச்சம் இருந்தது. அவ்வளவுதான் என் முழுச் சேமிப்பு. தெருவிலிருந்து அந்தப் பிக்கப்பை எடுக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

"மூவாயிரம் இருக்கு. இண்டைக்கே கொண்டுவாறன். மிச்சத்தைப் பேந்து தாறன்."

சொல்லி முடிக்கும்போதே பிழை விளங்கியது. இந்த முறை அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"இப்ப எல்லாம் விளங்குது அண்ணை. நல்ல வண்டியெண்டு உங்களுக்குத் தெரியும். நான் குடுக்கமாட்டன்."

"தம்பி, போனை வையாதையும்..."

"கோவிக்காதேங்கோ. மகளைப் பிள்ளையள் பாக்கிற கார்டெரியில விட்டது, பூட்டமுதல் போய் ஏத்திக்கொண்டு வரவேணும். போட்டு வாறன் அண்ணை."

மறுபடி எடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் வெளிக்கிட்டுவிட்டார்.