மாமாவின் பிரான்ஸ் கேமரா

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பிரான்சிலிருந்து கேமரா வந்தது எண்பதுகளின் நடுவில். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்தாவாக, இருந்த அவருடைய சித்தப்பா லீவில் வந்தபோது கொடுத்தது. மாமா அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மீன் வாங்கப் போனார். ரேஷன் கடை வரிசையிலும் நின்றார். நான் அப்போது சாரம் பகுதியில் ஒரு ஸ்டூடியோவின் இருட்டறையில் ஃபிலிம் கழுவி பிரிண்ட் போடும் வேலை பார்த்தேன். அந்த மனிதரைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.

பத்தே நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேமராவைத் துண்டில் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

“எதை அமுக்கினாலும் அசைய மாட்டேங்குதும்மா. நீதான் பாக்கணும்.”

பேட்டரியைத் தலைகீழாகப் போட்டிருந்தார்.

“இதை எதுக்கு மாமா கழட்டினீங்க?”

“சும்மா கெடந்தா தீந்துடப் போவுதுன்னு கழட்டி வெச்சேன்.”

சிரிக்கக்கூட எனக்கு மனம் வரவில்லை. திருகக்கூடிய எல்லாவற்றையும் திருகி வைத்திருந்தார். ஃபிலிமின் வேகத்தைக் குறிக்கும் எண் நூறில் இருக்க வேண்டியது, ஆயிரத்து அறுநூறில் நின்றது. கூடவே வந்த பிரெஞ்சுப் புத்தகத்தில் அவருக்கு ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் பக்கத்தைப் புரட்டிப் புரட்டி எனக்கே படம் காட்டினார்.

“இதெல்லாம் புத்தி உள்ளவங்க கையில இருக்கவேண்டிய பொருள்” என்றேன். அதற்கும் தலையாட்டினார்.

பேட்டரியைத் திருப்பிப் போட்டேன். எல்லாவற்றையும் பழையபடி அதனதன் இடத்துக்குக் கொண்டுவந்தேன்.

“ஏம்மா, உள்ள...” என்று ஆரம்பித்தார்.

“கொஞ்சம் சும்மா இருங்க மாமா. தெரிஞ்சவங்க செய்யறப்போ குறுக்க பேசாதீங்க.”

ஃபிலிம் மாட்டும் விதத்தைக் காட்டலாமென்று பின்மூடியைத் திறந்தேன். உள்ளே ஃபிலிம் இருந்தது. வாசல் வெயில் நேராக அதன்மேல் விழுந்தது. படக்கென்று மூடினேன்.

“அதத்தான் சொல்ல வந்தேன். எங்க ஊரு கனகசெட்டிக்குளத்துல எங்கப்பாவை எடுத்தது அதுலதான் இருக்குது. போட்டோன்னாலே ஓடிடுவாரு. அன்னிக்கு என்னவோ படகுகிட்ட நின்னாரு.”

வெளிச்சம் பட்டால் ஃபிலிம் போய்விடும் என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. எனக்கு அது வசதியாகப் போயிற்று.

மறுநாள் அந்த ஃபிலிமை ஸ்டூடியோவில் கழுவிப் பார்த்தேன். எடுத்த படங்கள் வெளிச்சம் பட்டுக் கறுத்திருந்தன. அடியில் சுற்றியிருந்த ஒரே ஒரு படம் தப்பியிருந்தது. கை பழகுவதற்காக முதன்முதலில் எடுத்த அவருடைய செருப்புக் கால்.

சாயங்காலம் வந்து கேட்டார். “அப்பா படம் எப்படிம்மா வந்திருக்குது?”

“கண்டதையும் திருகினா எப்படி மாமா வரும்?”

முகம் சுருங்கிப்போயிற்று. “என் தப்புதான். ஒனக்கும் வீண் வேலை” என்றார்.

அடுத்த வாரமே மறுபடி கனகசெட்டிக்குளம் போனார். அவர் அப்பா கேமராவைப் பார்த்ததும் வலையைத் தூக்கிக்கொண்டு போயே விட்டாராம். அதையும் என்னிடம் வந்து சிரித்துக்கொண்டுதான் சொன்னார். மூடியைத் திறந்து ஃபிலிமைக் கெடுத்தது நான்தான் என்று அப்போதும் நான் சொல்லவில்லை. அவர்மேல் எனக்கிருந்த இளப்பத்தைப் பிறகும் பல வருஷம் விடாமல் வைத்திருந்தேன். உண்மையைச் சொல்வதைவிட அது எனக்குச் சுலபமாக இருந்தது.